பெயர் தெரியாத மாத்திரையும் எட்டு மணி நேர நாப்கினும்: நூற்பாலையில் வேலை பார்க்கும் தங்கைக்காகக் கேட்கிறேன்

வேடசந்தூர்_அக்கா (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு 19 வயது ஆகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு திண்டுக்கல் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் சேர்ந்து, ஆலை விடுதியிலேயே தங்கி, ரிங் பிரேம் என்னும் நூல் நூற்கும் எந்திரத்தில் சைடு, அதாவது அதன் ஒரு பக்க வரிசையை, பார்க்கிறாள். சென்ற வாரம் விடுப்பில் வந்தவளின் துணிகளைத் துவைக்க எடுத்தபோது, சுடிதார்ப் பையில் செய்தித்தாள் துண்டில் மடித்து வைத்த வெள்ளை மாத்திரை ஒன்று இருந்தது. அட்டை இல்லை, பெயர் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை.

விசாரித்ததில், மாதவிலக்கு நாளில் அடிவயிறு சுருட்டிப் பிடித்தால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுப்பார், அரை மணி நேரத்தில் வலி அடங்கிவிடும் என்று இயல்பாகச் சொன்னாள். ஏறத்தாழ ஒரு வருடமாக இப்படித்தான் நடக்கிறதாம். காலை ஷிப்டு என்றால் பெரும்பாலும் வெறும் வயிற்றில், தேநீரோடு விழுங்கியிருக்கிறாள். அது என்ன மாத்திரை என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. இடையில் கழிவறைக்குப் போக வேண்டுமானால் சைடைப் பார்த்துக்கொள்ள ஆள் மாற்றிவிட வேண்டும், அதற்குத் திட்டு விழும் என்பதால், இரண்டு நாப்கின்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு எட்டு மணி நேரத்தையும் ஓட்டுகிறாள். தொடை இடுக்கு உரிந்து புண்ணாகியிருக்கிறது. அவளை வேலையை விட்டு நிறுத்தும் நிலையில் நாங்கள் இல்லை. இந்த மாத்திரையை அவள் போடலாமா, எந்த நாப்கின் வாங்கிக் கொடுப்பது, அல்லது எல்லோரும் சொல்கிற, உடலுக்குள் வைத்துக்கொள்ளும் அந்த மாதவிடாய்க் கப்புக்கு மாற்றிவிடலாமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய_மில்_பெண்

சகோதரி, முதலில் தங்கையைத் திட்டிவிடாதீர்கள். அந்த மாத்திரையைக் கேட்டு வாங்காத பெண் எங்கள் விடுதியில் ஒருத்தியும் இல்லை.

நான் மூன்றாண்டு ஒப்பந்தத்தில், திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று ஆசை காட்டிய சுமங்கலித் திட்டத்தின்கீழ் ஒரு ஆலையில் இருந்தவள். நூல் அறாமல் ஓட வேண்டும் என்பதற்காக உள்ளே ஈரப்பதத்தைக் கூட்டியே வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில், பறக்கும் பஞ்சுக்கு நடுவே, அறுந்த இழையை ஒட்டுவதற்காக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஷிப்டு முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும். வியர்வையில் நாப்கினின் ஓரம் சுருண்டு கயிறு போல் ஆகிவிடும். தோலை உரிப்பது பெரும்பாலும் அந்த ஓரம்தான். முதல் நாளில் இடுப்பு விட்டுப்போகிற வலியும் சேர்ந்துகொண்டால், எதைக் கொடுத்தாலும் வாங்கி விழுங்கத்தான் தோன்றும். உட்காருவதற்கு ஒரு இடமும் பத்து நிமிட ஓய்வும் தருவதைவிட ஒரு மாத்திரை தருவது ஆலைக்கு மலிவு.

இது உங்கள் தங்கையின் ஆலையில் மட்டும் நடப்பதும் இல்லை. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசி, மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்திலேயே பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்படுவதை வெளியிட்டார்கள். அதைப் படித்த அன்றுதான், நான் மூன்றாண்டுகள் விழுங்கியது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது என்பதே எனக்கு உறைத்தது.

அரசு_செவிலி

ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பணிபுரிகிறேன். வலி ஏன் வருகிறது என்பது தெரிந்தால் மற்றவை எளிதாகப் புரியும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

கருப்பையின் உட்சுவர் உதிரத் தொடங்கும்போது அதிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் வெளிப்படுகின்றன. அவை கருப்பைத் தசையை இறுக்கிச் சுருங்க வைக்கின்றன. அந்த இறுக்கத்தில் தசைக்குப் போகும் ரத்தம் சற்றுக் குறைவதால்தான் பிழிகிற மாதிரியான வலி வருகிறது. அதே பொருள்கள் குடலையும் தூண்டுவதால் சிலருக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் சேர்ந்து வருகின்றன. பெரும்பாலான இளம்பெண்களுக்கு இது முதல் இரண்டு மூன்று நாட்களில் தானாகவே அடங்கிவிடும்.

மெஃபனமிக் அமிலம், இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் இந்த வேதிப்பொருள் உருவாவதையே தடுக்கின்றன. ஆகையால் வலி உச்சத்துக்குப் போய்த் துடிக்கும்போது போடுவதைவிட, வலி தொடங்கும்போதே உணவுக்குப் பிறகு போட்டால் குறைந்த மாத்திரையிலேயே நல்ல பலன் கிடைக்கும். வலி மாத்திரை போடுவது பாவமும் இல்லை, பலவீனமும் இல்லை. என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள் என்பது போடுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

ஒத்தடத்தையும் குறைவாக நினைக்க வேண்டாம். அடிவயிற்றில் தொடர்ந்து இதமான சூடு வைப்பது இபுபுரூஃபெனுக்கு ஏறத்தாழ நிகராக வலியைக் குறைத்ததை ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். வெந்நீர்ப் பை இல்லாவிட்டால், மூடி இறுக்கமான எவர்சில்வர் தண்ணீர்க் குப்பியில் வெந்நீர் ஊற்றி, துண்டு சுற்றி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடுதியில் இது முடியும்.

மருந்தாளுநர்_கரூர்

நீங்கள் மாத்திரையின் படத்தைப் போட்டாலும் அது என்ன மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளை நிறத்தில் வட்டமாக நூற்றுக்கணக்கான மாத்திரைகள் இருக்கின்றன. அது சாதாரண பாராசிட்டமாலாக இருக்கலாம், மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரையாகவும் இருக்கலாம். எனவே முதல் வேலையாக அதைப் போடுவதை நிறுத்த வேண்டும்.

மாதவிலக்கு வலிக்கு நம் ஊரில் அதிகம் விற்பது மெஃபனமிக் அமிலமும் டைசைக்ளோமின் என்னும் மருந்தும் சேர்ந்த மாத்திரை. ஆலைச் சூழலில் இந்த இரண்டாவது மருந்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது தசைப்பிடிப்பைத் தளர்த்தும், ஆனால் சிலருக்குக் கண் மங்கும், வாய் உலரும், மயக்கமாக வரும். வியர்வையைக் குறைக்கும் தன்மையும் அதற்கு உண்டு. ஓடுகிற எந்திரத்துக்குப் பக்கத்தில், புழுக்கத்தில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இவை எல்லாம் ஆபத்தானவை. கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது என்றால் அந்த ஆபத்தை யார் கவனிப்பது?

கழிவறைக்குப் போகக் கூடாது என்பதற்காகப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் எனக்குத் தெரியும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது இந்த வகை வலி மாத்திரைகளை மாதந்தோறும் போட்டால் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம், மெஃபனமிக் அமிலத்தால் அரிதாக டிரெஸ் எனப்படும் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்று எச்சரித்தது. மாத்திரை போடத் தொடங்கிய நாட்களிலோ சில வாரங்களிலோ காய்ச்சலோடு உடலெங்கும் தடிப்பு வந்தால், நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிது என்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் என்ன விழுங்கினோம் என்றே தெரியாதவளால் மருத்துவரிடம் என்ன சொல்ல முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாட்டியம்மா_உடுமலை

மகளே, நான் 67 வயதுக்காரி. இவர்கள் சொல்வதையெல்லாம் படித்தேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. எங்கள் காலத்தில் வயிறு வலித்தால் வெந்தயத்தை விழுங்கி மோர் குடிப்போம், சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைப்போம். பெண் பெரியவளான நாளிலிருந்து நல்லெண்ணெய் ஊற்றிய உளுந்தங்களியைக் கொடுத்து இடுப்பை உரமாக்குவோம். மூன்று நாள் ஒதுக்கி வைத்தார்கள் என்று இப்போது குறை சொல்கிறீர்கள். அந்த மூன்று நாளாவது எங்களுக்கு அடுப்படியிலிருந்தும் வயல் வேலையிலிருந்தும் ஓய்வு கிடைத்தது. மாத்திரையில் பழக்கிவிட்டால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறுக்குத் தடையாகிவிடாதா என்பதுதான் என் கவலை.

அரசு_செவிலி

அம்மா, உங்கள் உளுந்தங்களியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சுக்குக் கஷாயமும் பலருக்கு இதமாக இருக்கிறது. ஓய்வைப் பற்றி நீங்கள் சொன்னது இந்த உரையாடலிலேயே முக்கியமான பேச்சு என்று நினைக்கிறேன். தீட்டு என்று ஒதுக்கியது தவறுதான். ஆனால் அதை ஒழித்தபோது, அதோடு ஒட்டியிருந்த ஓய்வும் போய்விட்டது. அதற்கு ஈடாக எதையும் நாம் கொடுக்கவில்லை. பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பை 1992-லேயே கொடுத்தது. நம் ஊர் ஆலையில் நிற்கும் பெண்ணுக்கு அப்படி ஒன்று இல்லை.

பிள்ளைப்பேறு பற்றிய கவலைக்கு என் பதில் இது. மாதத்தில் இரண்டு மூன்று நாள், மருத்துவர் சொன்ன அளவில் போடும் வலி மாத்திரையால் மலட்டுத்தன்மை வருவதில்லை. கருத்தரிக்க முயலும்போதும் கர்ப்பக் காலத்திலும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

திருப்பூர்_தையல்

எந்த நாப்கின் என்பது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். 11 வருடமாகப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறேன். உட்கார்ந்தே செய்யும் வேலை என்பதால் எனக்கும் இதே புண் தொல்லை இருந்தது.

இரண்டு நாப்கின்களை அடுக்கி வைப்பதால் பயன் இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் நீர் இறங்காத பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. ஆகவே மேலே உள்ளது நிறைந்தால் கீழே உள்ளதற்கு ரத்தம் இறங்காது, பக்கவாட்டில்தான் கசியும். சூடும் உராய்வும்தான் இரட்டிப்பாகும். நான் ஒரு முறை சோதித்துப் பார்ப்பதற்காகப் புது நாப்கினைப் பிரித்தேன். மேலே வலை போன்ற மெல்லிய உறை, நடுவில் மரக்கூழ்ப் பஞ்சு, அதில் சர்க்கரை போன்ற சிறு மணிகள், அடியில் பிளாஸ்டிக் தாள். அந்த மணிகளில் தண்ணீர் ஊற்றினால் ஜவ்வரிசி போல் உப்பி ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மேலே காய்ந்த மாதிரி தெரிவது இதனால்தான். காய்ந்திருக்கிறதே என்று எட்டு மணி நேரம் வைத்திருக்கக் கூடாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், போக்கு அதிகமான நாளில் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

எனக்கு மாற்றம் தந்தவை இரண்டு விஷயங்கள். வாசனை போட்ட நாப்கினை விட்டேன். வலை உறைக்குப் பதிலாகப் பஞ்சு போன்ற மேற்பரப்பு உள்ளதற்கு மாறினேன். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மக்கள் மருந்தகங்களில் கிடைக்கும் சுவிதா நாப்கினைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் அதை ஒன்று ஒரு ரூபாய் என்று குறைத்தார்கள். நாப்கின் மீதான 12 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் 2018 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டது. நம் கோவை முருகானந்தம் மலிவு விலையில் நாப்கின் செய்யும் எந்திரத்தை உருவாக்கிய மண் இது; பள்ளியில் படிக்கும்போது புதுயுகம் திட்டத்தில் இலவசமாக வாங்கிய பெண்களே வேலைக்குப் போன பிறகு வாங்க முடியாமல் தவிப்பது எனக்கு ஆற்றவே இல்லை.

துணி வைக்கிறாள் என்றால் அதிலும் தவறில்லை. பச்சைத் தண்ணீரில் முதலில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயப்போட வேண்டும். விடுதிகளில் வெட்கத்துக்காகக் கட்டிலுக்கு அடியில் கயிறு கட்டி உலர்த்துகிறார்கள். ஈரம் முழுதாகக் காயாத அந்தத் துணியால்தான் அரிப்பும் படையும் வருகின்றன.

கப்_பயன்படுத்துபவள்

நான்கு வருடமாக மாதவிடாய்க் கப் பயன்படுத்துகிறேன். எனக்குப் பிடித்த பொருள்தான் என்றாலும், உங்கள் தங்கைக்கு உடனே வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லத் தயங்குகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவத் தர சிலிக்கானில் செய்த கப் ஒன்று, சரியாகப் பேணினால் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். 2019-இல் லான்செட் பொதுச் சுகாதார மருத்துவ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, 43 ஆய்வுகளையும் ஏறத்தாழ 3,300 பேரையும் கணக்கில் எடுத்து, கசிவில் கப் மற்றவற்றுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறது என்று கண்டது. தொடை உராய்வு அறவே இல்லை. ஆலப்புழையில் அதே ஆண்டில் நகராட்சியே பெண்களுக்கு ஆயிரக்கணக்கில் கப்புகளைக் கொடுத்தது. எர்ணாகுளம் பக்கம் கும்பளங்கி 2022-இல் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் கைகழுவ ஓடும் தண்ணீரும் சோப்பும் வேண்டும், மாதத்துக்கு ஒரு முறை கொதிக்க வைக்கப் பாத்திரமும் அடுப்பும் வேண்டும், பழகுவதற்கு இரண்டு மூன்று மாதம் பொறுமையும் வேண்டும். இருபது பேருக்கு ஒரு கழிவறை உள்ள விடுதியில் முதல் மாதத்தைப் பழக நினைத்தால் மனம் விட்டுப்போகும். விடுப்பில் வீட்டில் இருக்கும்போது தொடங்குவது நல்லது. கன்னித்தன்மை போய்விடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். கப் வைத்தால் வயிற்றுவலி குறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. கடினமான கப் சிலருக்குச் சிறுநீர்ப்பையை அழுத்தி அசௌகரியத்தைக் கூட்டும். எடுக்கும்போது அடிப்பக்கத்தை அமுக்கிக் காற்றை விடுவிக்காமல் இழுத்தால் நன்றாகவே வலிக்கும்.

வேடசந்தூர்_அக்கா

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு தங்கையோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசினேன். இதுவரை நான் அவளிடம் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்டேன். வலி முதல் இரண்டு நாளோடு நிற்பதில்லையாம். தொடங்குவதற்கு நான்கு நாள் முன்பே ஆரம்பித்து, முடிந்த பிறகும் இருக்கிறது. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்றும் சொன்னாள். ஆறு மாதத்துக்கு முன் ஒரு மாத்திரை போதுமாக இருந்தது, இப்போது மூன்று போடுகிறாள். அம்மாவிடம் சொன்னபோது, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா சொல்லிவிட்டாராம். இது சாதாரண வலிதானா?

மகளிர்_மருத்துவர்

நீங்கள் இப்போது எழுதியதைப் பார்த்தபின் பதிலளிக்காமல் இருக்க முடியவில்லை. நேரில் பார்க்காமல் நோய் இன்னதென்று சொல்வது முறையல்ல. ஆனால் மாதத்துக்கு மாதம் கூடும் வலி, மாதவிலக்குக்கு முன்பே தொடங்கிப் பின்பும் நீளும் வலி, மலம் கழிக்கும்போது வரும் வலி, மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போவது ஆகிய நான்கும் சேர்ந்தால், அது பெண்மையின் இயல்பு என்று கடந்துபோகக் கூடிய வலி அல்ல. எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் குடலை ஒட்டியும் வளரும் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ பத்து விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. இதைக் கண்டறியப் பலருக்கும் ஆண்டுக்கணக்கில் தாமதமாகிறது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர், வலி தாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள்.

திருமணமாகாத பெண்ணை மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போகப் பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. உள்பரிசோதனை செய்யாமலே, வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனோடு தொடங்கலாம். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் நோயே இல்லை என்று பொருள் அல்ல. தொடக்க நிலையில் ஸ்கேனில் பிடிபடாமல் போவதுண்டு, ஆகவே அவள் சொல்லும் விவரம்தான் முக்கியம். ஒரு சிறு குறிப்பேட்டில் வலி வந்த நாள், எவ்வளவு நேரம், எத்தனை நாப்கின், என்ன மாத்திரை என்று மூன்று மாதம் எழுதி வரச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ பெரிய கட்டிகளாகப் போனாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே வர வேண்டும். கூடவே ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருப்பதை தேசியக் குடும்பநல ஆய்வே காட்டுகிறது.

திருமணம் இந்த நோய்க்கு மருந்தாகாது. தயவுசெய்து அம்மாவிடமும் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

தொழிற்சங்கத்_தோழி

சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, அங்கிருந்து மருத்துவமனைக்கு எழுதி வாங்கலாம். ஸ்கேன் செலவு உங்கள் தலையில் விழாது. நோய்க்கால உதவித்தொகைக்குப் பொதுவாக முதல் இரண்டு நாட்கள் கணக்கில் வராது என்பதால் ஒரு நாள் விடுப்புக்கு அது கைகொடுக்காது. சிகிச்சை நீண்டால் உதவும். 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் மருத்துவ அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. மருந்து அந்த அறையிலிருந்து, செவிலியர் கையால், அட்டையோடு வர வேண்டும். கேட்பதானால் தனியாக வேண்டாம், நான்கைந்து பேராகச் சேர்ந்து கேட்கச் சொல்லுங்கள்.

வேடசந்தூர்_அக்கா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இ.எஸ்.ஐ. வழியாகவே மகளிர் மருத்துவரிடம் காட்டினோம். இடப்பக்கச் சினைப்பையில் சிறு கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. எண்டோமெட்ரியோசிஸாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லி, ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஹீமோகுளோபின் 9.4 என்பதால் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தபோது, "அக்கா, அப்ப நான் சும்மா நடிக்கலைதானே?" என்று கேட்டாள். சூப்பர்வைசர் அப்படித்தான் சொல்வாராம். அம்மா பக்கத்தில்தான் இருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாசனை இல்லாத நாப்கின் வாங்கிக் கொடுத்தேன், அடுக்கி வைப்பதை நிறுத்திவிட்டாள், புண் ஆறிவருகிறது. கப்பைப் பற்றித் தீபாவளி விடுப்பில் யோசிக்கலாம் என்று வைத்திருக்கிறோம். விடுதி வார்டனிடம் கேட்டதில், இரவில் சமையலறையிலிருந்து வெந்நீர் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த மேசை இழுப்பறை அப்படியேதான் இருக்கிறது. அவளோடு தங்கியிருக்கும் பதினொரு பெண்கள், மாத்திரையை அட்டையோடு தர வேண்டும், ஷிப்டு நடுவில் ஒரு முறையாவது சைடைப் பார்த்துக்கொள்ள ஆள் மாற்றிவிட வேண்டும் என்ற இரண்டை மட்டும் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம் என்று பேசியிருக்கிறார்கள். எப்படி எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பழைய_மில்_பெண்

நான் எழுதித் தருகிறேன். இன்று இரவே இங்கே பதிவிடுகிறேன். தொழிற்சங்கத் தோழி ஒரு முறை பார்த்துத் திருத்திக் கொடுக்கட்டும். அதன்பிறகு அவர்கள் தங்கள் கையெழுத்திலேயே எழுதிக்கொள்ளட்டும்.